அசெம்பிள் செய்தாச்சு, டிஸ்ப்ளே வரலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாதம் நாலைந்து கேபினட்டாவது வந்துவிடும். ஆன்லைனில் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, வீடியோ பார்த்து, ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து பொருத்தி, ஆசையாகப் பட்டனை அழுத்தினால் மானிட்டரில் 'நோ சிக்னல்'. மறுநாள் காலையில் வண்டியில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். வீட்டில் கெஞ்சிக் கேட்டு வாங்கிய அறுபதாயிரம் எழுபதாயிரம் ரூபாய் அதில் இருக்கும். இரவெல்லாம் தூங்காத கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

அப்படி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல் ஓடுகிற கம்ப்யூட்டரோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஃபேன் சுத்துது, லைட் எரியுது. டிஸ்ப்ளே மட்டும் வரலை. ஏதாவது எரிஞ்சு போச்சாண்ணா?

அநேகமாக இல்லை. ஃபேன் சுற்றினால் 12 வோல்ட் வந்துவிட்டது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது என்று அதற்குப் பொருள் இல்லை. பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு தன்னைத்தானே ஒரு சோதனை செய்துகொள்ளும். அதை போஸ்ட் என்பார்கள். பிராசசர் பதில் சொல்கிறதா என்று முதலில் பார்க்கும், அடுத்து ரேம், அப்புறம் படம் காட்ட ஒரு கிராஃபிக்ஸ், கடைசியில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க். எதில் தடை வந்தாலும் அங்கேயே நின்றுவிடும். படம் காட்டுவது மூன்றாவது படி. அதனால் முதல் இரண்டில் எது நின்றாலும் உங்களுக்குத் தெரிவது அதே கறுப்புத் திரைதான். கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு கிராஃபிக்ஸ் கார்டு போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

புதுப் பாகமே பழுதாக வருவதும் உண்டு. ஆனால் என் திண்ணைக்கு வந்தவற்றில் அது அபூர்வம். செருகியது முழுசாக உட்காரவில்லை, செருக வேண்டிய ஒன்று விட்டுப்போச்சு, ஒன்றுக்கொன்று பொருந்தாததை வாங்கிவிட்டார்கள். திரும்பத் திரும்ப இந்த மூன்றுதான்.

எதிலிருந்து ஆரம்பிக்கிறது?

வெளியிலிருந்து உள்ளே போங்கள். மானிட்டர், அதன் கேபிள், பவர் கேபிள்கள், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கும் பிறகுதான் பிராசசர். கஷ்டமான வேலை கடைசியில் இருக்கட்டும். கூலரைக் கழற்றிப் பிராசசரைத் தூக்குவதை முதல் வேலையாகச் செய்தவர்கள்தான் இல்லாத பழுதை உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஆன் செய்து பாருங்கள், என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ரேமை மாற்றி, கேபிளையும் மாற்றி, பேட்டரியையும் கழற்றி மாட்டிய பிறகு டிஸ்ப்ளே வந்தால் சந்தோஷம்தான். ஆனால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். அடுத்த வாரம் அதே பிரச்சினை வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளே கை வைக்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸின் (எல்லாப் பாகத்துக்கும் கரன்ட் கொடுக்கும் பெட்டி) பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, கேபினட் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

மானிட்டர் கேபிளை எங்கே செருகணும்?

கேபினட்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கும். யுஎஸ்பி ஓட்டைகளோடு சேர்ந்து மேலே இருப்பது மதர்போர்டினுடையது. கீழே படுக்கை வசத்தில் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டினுடையது. கார்டு போட்டிருந்தால் கீழேதான் செருக வேண்டும். எனக்கு வரும் போன் அழைப்புகளில் பாதி இந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

கார்டு வாங்கவில்லை என்றால் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். எல்லாப் பிராசசரிலும் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதில்லை. இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தால் இல்லை: ஐ5 12400இல் உண்டு, 12400எஃப்பில் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600இல் இல்லை, 5600ஜியில் உண்டு. ரைசன் 7600இல் சின்னதாக ஒன்று இருக்கிறது, 7500எஃப்பில் இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்று எஃப் வாங்கிவிட்டு, "கார்டு தீபாவளிக்கு வாங்கிக்கலாம்" என்று இருந்த ஒரு தம்பி மூன்று நாள் ரேமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய கம்ப்யூட்டர் முழு ஆரோக்கியமாக இருந்தது. படம் காட்டும் உறுப்புதான் அதில் கிடையாது.

மானிட்டரே சரியில்லாமல் இருக்குமோ?

வீட்டு டிவியில் செருகிப் பாருங்கள், அல்லது நண்பரின் லேப்டாப்பை இந்த மானிட்டரில் செருகுங்கள். மானிட்டர் மெனுவில் இன்புட் எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2, டிஸ்ப்ளேபோர்ட் எது என்று பாருங்கள். கேபிளை மாற்றியும் ஒருமுறை.

மதர்போர்டு ஓரத்தில் ஒரு சின்ன லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு. அது என்ன?

அதுதான் உங்களுக்கு வழிகாட்டி. இப்போது வரும் நிறைய போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எம்எஸ்ஐ போர்டில் ஈசி டீபக் எல்இடி என்றும் ஆசுஸ் போர்டில் க்யூ எல்இடி என்றும் பெயர். பெரும்பாலும் 24 பின் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பட்டனை அழுத்திப் பாருங்கள். நான்கும் ஒவ்வொன்றாக மின்னி மறைவது சரியான நடை. எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில்தான் தடை.

விளக்கு இல்லாத போர்டு என்றால் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி ஃப்ரண்ட் பேனல் பின்களுக்குப் (கேபினட் பட்டன் வயர் மாட்டும் இடம்) பக்கத்தில் மாட்டலாம். விலை ரொம்பக் குறைவு. எத்தனை முறை, எவ்வளவு நீளமாகக் கூவுகிறது என்பதை போர்டோடு வந்த புத்தகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும், அதனால் பொதுவான ஒரு பட்டியலை நம்ப வேண்டாம்.

ஸ்பீக்கரும் இல்லையா? கீபோர்டில் நம்லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, படம் வெளியே வரும் வழியில்தான் சிக்கல்.

டிராம் லைட் நிக்குது. ரேமை நல்லாத்தான் செருகினேன்.

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் நடப்பது இதுதான்.

ரேம் ஸ்லாட்டின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். சில போர்டுகளில் இரு நுனியிலும், சிலவற்றில் ஒரு நுனியில் மட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டு உள்ள போர்டில்தான் பலர் ஏமாறுவது. பூட்டு உள்ள பக்கம் 'டக்' என்று விழும். மற்ற பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கியபடி இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கேபினட்டைப் படுக்கவைத்து, கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய், செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். ரேமின் தங்க நிறப் பட்டை ஒரு பக்கம் மெல்லிய கோடாகத் தெரிந்தால் அது உட்காரவில்லை. இரண்டு கட்டை விரலையும் இரண்டு நுனியில் வைத்து, நேராகக் கீழே அழுத்துங்கள். போர்டு லேசாக வளைவது போலப் பயமாக இருக்கும். அந்த அழுத்தம் வேண்டும். ஆனால் இறங்கவே மறுத்தால் நிறுத்திவிடுங்கள். ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு தலைமுறை புழக்கத்தில் உண்டு. இரண்டுக்கும் 288 தொடுமுனைகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று ஏறாது. திணித்தால் ஸ்லாட் உடையும்.

அடுத்தது எந்த ஸ்லாட் என்பது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் நிரப்ப வேண்டியவை. போர்டிலேயே ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஒரே ரேம் என்றால் ஏ2வில். பக்கத்துப் பக்கத்தில் ஒன்றும் இரண்டுமாகப் போட்டால் சில போர்டு ஓடும், சில போர்டு அடம் பிடிக்கும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஏ2வில் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் மற்றதைப் போடுங்கள். இரண்டுமே தனித்தனியாக ஓடி, சேர்த்தால் ஓடவில்லை என்றால் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வேகம் என்று கலந்து வாங்கியிருக்கிறீர்களா பாருங்கள். ஒரே டப்பாவில் ஜோடியாக வருவதை வாங்கச் சொல்வது இதனால்தான்.

ரேமை ரப்பரால தேய்ச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே?

பழைய ரேமுக்கு அது நல்ல வைத்தியம். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை முழுசாக ஊதிவிட்டு, சுத்தமான துணியால் துடைத்துப் போடலாம். நேற்று பிரித்த புது ரேமுக்கு அவசியமே இல்லை. ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழுந்தால் இன்னொரு தலைவலி.

எவ்வளவு நேரம் காத்திருந்து பார்க்கலாம்?

டிடிஆர்5 போட்டிருந்தால் பொறுமை வேண்டும். முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமோடு பழகிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். ரைசன் 7000 வரிசைக்கான ஏஎம்5 போர்டுகளில் இது பல நிமிடம் நீளும். ரேம் அளவு கூடக் கூட நேரமும் கூடும். டிராம் லைட் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும், நடுவில் தானாக அணைந்து எரியவும் செய்யும். பதறிப்போய் இரண்டாவது நிமிடம் அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அன்னதானப்பட்டியிலிருந்து வந்த ஓர் அக்கா, மகனுக்காகத் தானே பொருத்தியவர், ஏழெட்டு முறை இப்படி அணைத்து அணைத்து எரியவிட்டிருக்கிறார். என் திண்ணையில் ஆன் செய்துவிட்டு இருவரும் காபி குடித்தோம். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) திரை வந்துவிட்டது. கால் மணி நேரம் விடுங்கள். அதற்கு மேலும் வரவில்லை என்றால்தான் அடுத்த வேலை.

சிபியு லைட் நிக்குது.

போர்டின் இடது மேல் மூலையைப் பாருங்கள். அங்கே எட்டு பின் பவர் சாக்கெட் ஒன்று தனியாக இருக்கும். பிராசசருக்கான கரன்ட் அதில்தான் வருகிறது. பெரிய 24 பின் கேபிளைச் செருகிவிட்டு இதை மறந்துவிட்டால் ஃபேன் சுற்றும், அலங்கார விளக்கெல்லாம் எரியும், பிராசசர் மட்டும் பட்டினி. ரேடியேட்டரோ கூலரோ மறைத்துக்கொண்டிருப்பதால் கண்ணுக்குப் படாது.

செருகும் கேபிளிலும் கவனம் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின் தலை 6+2 என்று பிரியும், பிராசசருக்கானது 4+4 என்று பிரியும். பார்க்க ஒன்று போல இருந்தாலும் உள்ளே பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கும். இறுக்கமாக இருக்கிறதே என்று அழுத்தித் திணிக்காதீர்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் ஒருபோதும் மாட்டாதீர்கள். ஒரே கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம். போர்டுப் பக்கம் உள்ள தலைதான் பொதுவானது, எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். உண்மையாகவே பாகம் எரிந்து வந்த கேஸ்களில் மறக்க முடியாத ஒன்று இதனால் வந்ததுதான். ஒரு எஸ்எஸ்டியும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நொடியில் போனது.

கேபிள் எல்லாம் சரி. சிபியு லைட் இன்னும் போகலை.

பிராசசரும் போர்டும் பேசும் மொழி பொருந்துகிறதா பாருங்கள். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் போர்டில் உள்ள பயாஸ் பழையதாக இருந்தால் புதுப் பிராசசரை அடையாளம் தெரியாது. பி450 போர்டு 2018இல் வந்தது, ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில். அந்த போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் அப்டேட் வேண்டும். அதே போல 12ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு வந்த எச்610, பி660 போர்டில் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர் போட்டாலும்.

பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் உள்ள போர்டு என்றால் நீங்களே செய்துகொள்ளலாம். கம்பெனி தளத்தில் உங்கள் போர்டின் பெயரை ஓர் எழுத்து பிசகாமல் பார்த்து ஃபைலை இறக்கி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, புத்தகத்தில் சொன்ன பெயரை வைத்து, குறிப்பிட்ட யுஎஸ்பி ஓட்டையில் செருகிப் பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு மின்னி முடியும் வரை கரன்ட் போகக் கூடாது. யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிச் செய்யுங்கள். பட்டன் இல்லாத போர்டு என்றால் பழைய பிராசசர் ஒன்றை இரவல் வாங்க வேண்டும், அல்லது வாங்கிய கடையில் கொடுக்க வேண்டும்.

சாக்கெட்டில் ஒரு பின் வளைஞ்ச மாதிரி இருக்கு. போர்டு அவ்வளவுதானா?

அவசியமில்லை. ஒருமுறை ஒரு கேபினட் வந்தது. ஏ பக்க ஸ்லாட்டில் ரேம் போட்டால் ஓடும், பி பக்கத்தில் போட்டால் கறுப்பு. ரேம் நல்லது, ஸ்லாட்டும் சுத்தம். கூலரைக் கழற்றிப் பிராசசரை எடுத்துப் பார்த்தேன். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1700 பின்கள், தலைமுடி கனத்தில், வயலில் நாற்று நட்டது போல ஒரே பக்கம் சாய்ந்து வரிசையாக நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எல்லா நுனியும் ஒரே மாதிரி மினுக்கும். அதில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி இருட்டாக இருந்தது. பிராசசரை வைக்கும்போது மூலை தட்டியிருக்க வேண்டும்.

எனக்குக் கை வராது என்று தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். சலங்கை மணியைக் கோத்துப் பற்றவைக்கும் கை அது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஊசி போன்ற சாமணத்தை எடுத்து, ஒரு நிமிடம் எதையும் தொடாமல் பார்த்தார். "இதைத் தூக்கக் கூடாது தம்பி, வந்த வழியிலேயே தள்ளணும்" என்றார். மூச்சை அடக்கி, சாமணத்தின் ஒரு முனையால் மட்டும், மடங்கிய பின்னை இரண்டே தள்ளில் வரிசைக்குக் கொண்டுவந்தார். மூன்றாவது முறை தொடவில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் வெள்ளியும் ஒடியும், இதுவும் ஒடியும் என்றார். அன்று மாலை நான்கு ஸ்லாட்டும் வேலை செய்தது.

ரைசனின் ஏஎம்4 சாக்கெட் வகை என்றால் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், 1331. அவை கொஞ்சம் தடிமன். லெட் இல்லாத 0.5 பென்சிலின் குழாய் நுனியை மாட்டி நிமிர்த்தலாம். இந்த வகையில் கூலரைக் கழற்றும்போது நேராக இழுக்காதீர்கள், நடுவில் தடவிய சூடு கடத்தும் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள்.

ஒன்று கட்டாயம் செய்யுங்கள். புது போர்டின் பெட்டியைப் பிரித்ததும் சாக்கெட்டைத் தெளிவாகப் போட்டோ எடுத்து வையுங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பதில்லை. வரும்போதே வளைந்திருந்தது என்று சொல்ல உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.

ஆன் ஆகி ஒரு விநாடியில் அணைஞ்சிடுது.

எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டட்களைப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டட் இருந்தால் அது பின்பக்கச் சர்க்யூட்டைத் தொடும். கீழே விழுந்த ஸ்க்ரூ போர்டுக்கு அடியில் மாட்டியிருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், பவர் கேபிள் இரண்டு, உள்ளே கிராஃபிக்ஸ் இல்லாத பிராசசர் என்றால் கார்டு. வேறு எதுவும் வேண்டாம். பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுவிட்டால் ஆன் ஆகும். வெளியே ஓடி, உள்ளே ஓடவில்லை என்றால் குற்றம் கேபினட் பக்கம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பாதி சந்தேகம் ஒரே அடியில் போய்விடும். பெட்டியின் மேல்தான் வைக்க வேண்டும், போர்டு சுற்றி வந்த பளபளப்பான கவரின் மேல் அல்ல. அதில் கரன்ட் ஓடலாம்.

பட்டனை அழுத்தினா ஒண்ணுமே அசையலை.

எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்ச், சுவர் சுவிட்ச், 24 பின் கேபிள். அப்புறம் கேபினட் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர், அது ஒரு பின் தள்ளி மாட்டியிருக்கும். மேலே சொன்ன ஸ்க்ரூ டிரைவர் தொடுதலில் ஓடினால் பட்டன் வயர்தான். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் ஊர்க் கரன்ட்டைக் கொடுத்தால் வெடிச் சத்தத்தோடு போகும்.

பயாஸில் எக்ஸ்எம்பி போட்டேன். அதுக்கப்புறம் டிஸ்ப்ளே போச்சு.

எக்ஸ்எம்பி என்பது ரேமை அதன் டப்பாவில் போட்ட முழு வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு. அந்த வேகம் போர்டுக்கோ பிராசசருக்கோ ஒத்துவரவில்லை. பழைய நிலைக்குத் திருப்பினால் போதும். கரன்ட்டைத் துண்டித்துவிட்டு, போர்டில் உள்ள காசு போன்ற சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். அல்லது சீமாஸ் கிளியர் என்று எழுதிய இரண்டு பின்களைப் பத்து விநாடி இணையுங்கள்.

சேலத்தில் நல்லா ஓடிச்சு. ஏற்காட்டுக்குக் கொண்டுபோனதும் டிஸ்ப்ளே இல்லை.

தோட்டத்து வீடுகள், தங்கும் விடுதிகளிலிருந்து இந்தக் கேள்வி வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாயும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒரு கிலோவுக்கு மேலேயே இருக்கும், அது ஒரு ஸ்லாட்டையும் இரண்டு ஸ்க்ரூவையும் நம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது. மேலே போய்ச் சேரும்போது அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் போதும், விஜிஏ லைட் எரியும். கார்டைக் கழற்றி மறுபடி செருகினால் பத்தில் எட்டு முறை சரியாகிவிடும். ரேமையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். உயரமான கூலர் இருந்தால் அதன் ஸ்க்ரூக்களையும் பாருங்கள்.

அடுத்த முறை எடுத்துப் போகும்போது கார்டைத் தனியாகக் கழற்றி அதன் பெட்டியிலேயே வையுங்கள். கேபினட்டை நிறுத்தி வைக்காமல், போர்டு அடிப்பக்கம் வரும்படி படுக்கவைத்து, ஒரு போர்வையின் மேல் வையுங்கள். பஸ்ஸின் பின்சீட்டுக்கு மேல் வைப்பது வேண்டவே வேண்டாம்.

ஈரம் இன்னொரு விஷயம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும் ஊர் அது. வாரக்கணக்கில் ஆன் செய்யாமல் வைத்தால் தொடுமுனைகளில் பாசி பிடித்தது போல ஒரு மங்கல் வரும். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும். குளிர்ந்த கேபினட்டைக் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது போல உள்ளே நீர் கோக்கும். மூன்று நாலு மணி நேரம் திறந்து வைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

எங்க வீதியில் தறி ஓடுது. வோல்டேஜ் ஏறி இறங்குது. அதனால இருக்குமா?

முதல் முறையே டிஸ்ப்ளே வராததற்கு அது காரணமாக இருப்பது அரிது. ஓடிக்கொண்டிருந்தது திடீரென அணைவது, மறுபடி எழாதது, இவற்றுக்குக் காரணமாகலாம். நல்ல எஸ்எம்பிஎஸ், மூன்று பின் பிளக், வேலை செய்யும் எர்த், இந்த மூன்றும் இருக்கட்டும். எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டைத் தொட்டால் சுறுசுறு என்று இழுக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள், கம்ப்யூட்டரை விட நீங்கள் முக்கியம். சித்திரை, வைகாசியில் கோடை இடி இடிக்கும்போது பிளக்கையே உருவி விடுங்கள், இன்டர்நெட் வயரையும் சேர்த்து.

எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். கடைக்குக் கொண்டுபோகட்டுமா?

கொண்டுபோங்கள், அதில் தப்பே இல்லை. மாற்றிப் போட்டுப் பார்க்க அவர்களிடம் வேறு ரேம், வேறு எஸ்எம்பிஎஸ் இருக்கும். அதுதான் வீட்டில் நம்மிடம் இல்லாதது. நீங்கள் எழுதிய தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். எது பழுது என்று சொல்கிறார்களோ அதை உங்கள் கண் முன்னால் கழற்றி, நல்லதை மாட்டி, டிஸ்ப்ளே வருவதைக் காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வீதியில் தறி நெய்யும் ஒருவரின் மகள் பாலிடெக்னிக் படிக்கிறாள். ஒரு கடையில் "போர்டு போயிடுச்சு" என்று சொல்லிப் புது போர்டுக்கு எட்டாயிரம் வாங்கினார்கள். பழைய போர்டைக் கேட்டு வாங்கி என்னிடம் கொண்டுவந்தாள். அட்டைப் பெட்டியின் மேல் வைத்து எட்டு பின் கேபிளைச் செருகினேன், ஓடியது. அவள் செருக மறந்திருந்த கேபிள் அது. எட்டாயிரம் என்பது அந்த வீட்டில் எத்தனை நாள் தறி என்று எனக்குத் தெரியும்.

பாகம் புதியது என்றால் கடையில் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அந்த நாட்கள் போய்விட்டால் சர்வீஸ் சென்டர், காத்திருப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும்.

டிஸ்ப்ளே வந்துருச்சு! ஆனா 'பூட் டிவைஸ் இல்லை'ன்னு சொல்லுது.

அது பழுது இல்லை. புது டிஸ்க்கில் இன்னும் விண்டோஸ் ஏற்றவில்லை, அவ்வளவுதான். பயாஸுக்குள் போய் மூன்றைப் பாருங்கள்: வாங்கிய ரேம் முழு அளவில் தெரிகிறதா, எஸ்எஸ்டியின் பெயர் இருக்கிறதா, பிராசசர் சூடு எவ்வளவு. சும்மா பயாஸில் நிற்கும்போதே சூடு 80, 90 என்று ஏறினால் அணைத்துவிட்டுக் கூலரைக் கழற்றுங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருப்பீர்கள். உரித்து, பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து மாட்டுங்கள். மூன்றும் சரி என்றால் பென் டிரைவைச் செருகி விண்டோஸை ஏற்ற ஆரம்பிக்கலாம்.